டிராக்டர் பழசு, கையேடு எங்கே? வாசகர் கேள்வி பதில்

பெங்களூரைச் சுற்றியிருக்கும் ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பழைய டிராக்டர், அதில் மாட்டும் கருவிகள் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஹெச்.எம்.டி. 2511 ஒன்றைப் பழைய வண்டியாக விலைக்கு வாங்கினோம். ஆர்.சி. புத்தகம் தவிர வேறு காகிதமே இல்லை. கம்பெனி மூடிவிட்டது என்கிறார்கள். ஹெச்.எம்.டி. நம்ம பெங்களூர்க் கம்பெனிதானே, ஜாலஹள்ளிக்குப் போனால் கையேடு கிடைக்குமா?
– வாசகர், ஆனேக்கல்

ஜாலஹள்ளிக்கு அலைய வேண்டாம். அங்கே செய்தது மெஷின் டூல்ஸும் கைக்கடிகாரமும். டிராக்டர் செய்தது ஹரியானாவில் உள்ள பிஞ்சோர் ஆலை. 1971இல் தொடங்கிய அந்தப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் கொடுத்தது. ஆனால் உங்கள் வண்டியின் வேர் பிஞ்சோரில் இல்லை. செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டர் கம்பெனி வடிவமைத்த 2511தான் இது. ஜெட்டர் அந்தக் காலத்தில் பல மாடல்களுக்கும் பொதுவான பாகங்கள் வரும்படி ஒரே குடும்பமாக வண்டிகளைச் செய்தது. ஆகவே "ஜெட்டர் 2511" என்று தேடினால் ஆங்கிலத்தில் அச்சான ஓட்டுநர் கையேடும் பாகப் பட்டியலும் கணினிப் பிரதியாகக் கிடைக்கும்.

தேடும் முன் வண்டியில் இருக்கும் தகடுகளைத் துடைத்துப் படியுங்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண், டீசல் பம்ப்பின் தகட்டு எண், இந்த மூன்றும் வேண்டும். பெயின்ட் மூடியிருந்தால் சுரண்டாதீர்கள், எழுத்து போய்விடும். தின்னரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் ஒற்றி வைத்துத் துடைத்தால் எழுத்து தெரியும். பிறகு ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பழைய வண்டிகளில் வேறு எஞ்சினை இறக்கி வைத்திருப்பது சகஜம். அப்படியானால் உங்களுக்கு ஒரு கையேடு போதாது, எஞ்சினுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என இரண்டு வேண்டும்.

பம்ப்பில் "மைகோ" என்று இருந்தால் அது நம்ம ஆடுகோடி ஆலையின் பெயர், 2008க்குப் பிறகு பாஷ். தகட்டில் உள்ள நீண்ட எண்ணைச் சொன்னால், பம்ப் சரிசெய்யும் அங்கீகாரம் பெற்ற டீசல் பட்டறைக்காரர் அதற்கான அளவுகளைத் தன் பட்டியலில் பார்த்துக்கொள்வார். பம்ப்பைப் பொறுத்தவரை டிராக்டர் கையேட்டைவிட இந்த எண்தான் நம்பகமானது.

கையேடு என்று பொதுவாகச் சொன்னாலும் புத்தகம் மூன்று வகை. ஓட்டுநர் கையேட்டில் லீவர்கள், ஆயில் அளவு, கிரீஸ் இடங்கள், எந்தக் கருவிக்கு எந்த அமைப்பு என்பவை இருக்கும். பாகப் பட்டியலில் ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து வரைந்த படமும் எண்ணும் இருக்கும். பட்டறைக் கையேட்டில் பிரித்துப் பூட்டும் முறை, இறுக்க அளவு, தேய்மான எல்லை எல்லாம் வரும். காசு கொடுத்து ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பாகப் பட்டியலை வாங்குங்கள். ஜே.சி. ரோட்டிலோ கலாசிபாளையத்திலோ கடைக்காரரிடம் "அந்த வளைஞ்ச பின்" என்று கையால் காட்டுவதற்கும், எண்ணைச் சொல்லிக் கேட்பதற்கும் வித்தியாசம் நிறைய. அது மட்டுமல்ல, பிரித்துப் போட்டதைத் திரும்பப் பூட்டும்போது எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று அந்தப் படம் காட்டும்.

அதிகம் பேர் நினைத்துப் பார்க்காத இன்னொரு வழி, மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையத்தின் அறிக்கைகள். ஒரு மாடலுக்குச் சோதனை அறிக்கை இருந்தால் பி.டி.ஓ. (எஞ்சின் விசையைக் கருவிக்குத் தரும் பின்பக்கச் சுழல் தண்டு) சுற்று, ஹைட்ராலிக் தூக்கும் திறன், ஆயில் கொள்ளளவு, இணைப்பு அளவுகள் எல்லாம் அளந்து எழுதப்பட்டிருக்கும். கம்பெனி விளம்பரத் தாளைவிட அதை நம்பலாம். ஹெப்பாள் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலையின் வேளாண் பொறியியல் துறையிலும் விசாரித்துப் பாருங்கள்.

மற்ற பழைய வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கம்பெனி கைமாறினால் புத்தகமும் கைமாறும். ஐச்சர் டிராக்டர் 2005 முதல் டாஃபேயிடம் இருக்கிறது. ஸ்வராஜ் செய்த பஞ்சாப் டிராக்டர்ஸ் 2007இல் மஹிந்திராவிடம் போனது. இப்போதைய கம்பெனியின் டீலரிடம் பழைய மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பிரதியைப் பயன்படுத்தும்போது கவனம் தேவை. எஞ்சின், கியர் பெட்டி பக்கங்கள் பெரும்பாலும் பொருந்தும். பிரேக், விளக்கு, டயர், ஹிட்ச் (கருவி மாட்டும் இணைப்பு) பக்கங்கள் பொருந்தாமல் போகலாம். ஒரு பாகத்தையாவது கழற்றிப் படத்தோடு ஒப்பிட்ட பிறகே அந்தப் பிரதியை நம்பி ஆர்டர் கொடுங்கள்.

கேள்வி: மாசி பெர்குசன் 1035 வைத்திருக்கிறோம். 9 கொத்துக் கலப்பை ஓட்டும்போது தானாக மேலே ஏறுகிறது, திடீரென்று ஆழமாக இறங்குகிறது. சீட் பக்கத்தில் இரண்டு லீவர் இருக்கிறது. டிரைவர் எப்போதும் ஒன்றை மட்டும்தான் தொடுகிறார்.
– வாசகி, மாலூர்

இரண்டு லீவரும் இரண்டு வேலைக்கு. பொசிஷன் லீவர், கருவி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்வது. டிராப்ட் லீவர், கருவி எவ்வளவு இழுவையைத் தர வேண்டும் என்று சொல்வது. மண் கெட்டியாகி இழுவை கூடினால் டாப் லிங்க் (கருவியின் மேல் இணைப்புக் கம்பி) வழியாகப் பின்னால் உள்ள ஸ்பிரிங் அழுந்தும், ஹைட்ராலிக் கருவியைக் கொஞ்சம் தூக்கும். இளகிய மண் வந்தால் இறக்கும். ஹாரி பெர்குசன் 1920களில் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இதுதான். உங்கள் வண்டியின் பெயரில் உள்ள பெர்குசன் அவரே. நல்ல ஏற்பாடு, ஆனால் இறகுக் கலப்பை போல இழுவை அதிகமுள்ள கருவிக்காக யோசிக்கப்பட்டது. ஒரு வயலிலேயே கெட்டியும் இளக்கமுமாக மண் மாறி மாறி வந்தால், 10 செ.மீ. ஆழத்தில் ஓடும் கொத்துக் கலப்பை நீங்கள் சொல்வதுபோல் குதிக்கும்.

சமமான நிலத்தில் கொத்துக் கலப்பை, ரோட்டவேட்டர் (சுழலும் கத்திக் கலப்பை), லெவலர், விதைப்பான் எல்லாவற்றுக்கும் பொசிஷன்தான். டிராப்ட் லீவரை முழுக்க மேலே வைத்துவிட்டு, பொசிஷன் லீவரால் ஆழம் வையுங்கள். லீவர் நகரும் வளைவான குவாட்ரன்ட் தகட்டில் அந்த லீவர் நிற்கும் இடத்துக்கு ஒரு ஸ்டாப்பர் திருகு இருக்கும். வரப்பு முனையில் தூக்கி மறுபடி இறக்கும்போது அதே ஆழத்துக்கு வர அந்தத் திருகை இறுக்கி வையுங்கள். மேடு பள்ளமான நிலத்திலும் இறகுக் கலப்பைக்கும் டிராப்ட்டுக்கு மாறுங்கள். அப்போது பொசிஷன் லீவரைக் கீழ்ப் பகுதியில், "வேகம்", "மெதுவு" என்று குறித்த இடத்தில் வைக்க வேண்டும். அங்கே அது கருவி இறங்கும் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தும்.

லீவர் சரியாக இருந்தும் குதித்தால் இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் எஞ்சினை நிறுத்தி, கருவியைக் கழற்றி, டாப் லிங்க் மாட்டும் பிடியை இரு கையாலும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் கண்ட்ரோல் ஸ்பிரிங்கில் இடைவெளி விழுந்திருக்கிறது. அந்த இடைவெளி இருக்கும்வரை டிராப்ட் ஒழுங்காக வேலை செய்யாது. அதை எடுத்துவிடச் சொல்லுங்கள், மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. அடுத்து, கலப்பையை முழுக்கத் தூக்கி எஞ்சினை அணையுங்கள். சில நிமிடத்திலேயே கீழே வந்துவிட்டால் சிலிண்டர் சீலிலோ வால்விலோ கசிவு. எஞ்சின் ஓடும்போது தூக்கிய கலப்பை தலையாட்டுவதும் இதனால்தான்.

கலப்பை மட்டமாக நிற்கிறதா என்பதையும் பாருங்கள். சிமென்ட் தரையில் இறக்கி, பின்னால் நின்று பார்க்க வேண்டும். இடவலம் சரியில்லை என்றால் வலது லிப்ட் ராடில் உள்ள லெவலிங் கைப்பிடியைத் திருப்புங்கள். முன்பின் சரியில்லை என்றால் டாப் லிங்க். டாப் லிங்கைக் குறைத்தால் முன்வரிசைக் கொத்து ஆழமாகும், நீட்டினால் பின்வரிசை. ஒன்பது கொத்தும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். கருவி பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினைக் கம்பிபோல் இறுக்காதீர்கள், இரண்டு விரல் அளவு அசைய விடுங்கள். ரோட்டவேட்டருக்கு மட்டும் இறுக்கமாகவே இருக்கட்டும்.

கேள்வி: 35 குதிரைத்திறன் பழைய வண்டிக்கு 5 அடி ரோட்டவேட்டர் வாங்கினேன். கொண்டுவந்த அன்றே மாட்டி ஓட்டினோம். இரண்டு மாதத்தில் மூன்று க்ராஸ் (ஷாஃப்ட் மூட்டில் உள்ள சிலுவைத் துண்டு) உடைந்துவிட்டது. தூக்கும்போது கடகடவென்று சத்தம். டீலர் வண்டியைக் குறை சொல்கிறார், மெக்கானிக் ரோட்டவேட்டரைக் குறை சொல்கிறார்.
– வாசகர், ஹொசகோட்டை

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் குறை வண்டியிலும் இல்லை, ரோட்டவேட்டரிலும் இல்லை. நடுவில் உள்ள ஷாஃப்டில் இருக்கிறது. பி.டி.ஓ.வின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் இந்தக் கார்டான் ஷாஃப்ட் எல்லா வண்டிக்கும் பொதுவான நீளத்தில் வரும். உங்கள் வண்டிக்கு அளந்து வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டாமல் மாட்டினால், இரண்டு முனையும் நெருங்கும் நிலையில் உள்குழாய் வெளிக்குழாயின் அடியில் முட்டி, அந்த அடியை க்ராஸும் பி.டி.ஓ. பேரிங்கும் வாங்கும்.

அளப்பது இப்படி. எஞ்சினை அணைத்து, ஷாஃப்ட் இல்லாமல் ரோட்டவேட்டரை மூன்று இணைப்பிலும் மாட்டுங்கள். பிறகு எஞ்சினை ஓட்டி மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். டிராக்டரின் பி.டி.ஓ. முனையும் ரோட்டவேட்டர் கியர் பெட்டியின் முனையும் மிக நெருங்கி வரும் இடம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும்போது. அங்கே நிறுத்தி, அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, எஞ்சினை அணையுங்கள். ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை டிராக்டரிலும் மறு பாதியை ரோட்டவேட்டரிலும் மாட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். ஒரு குழாயின் முனைக்கும் மறு பாதியின் அடிக்கும் 25 முதல் 40 மி.மீ. இடைவெளி இருக்கும்படி குறியிடுங்கள். உள்குழாய், வெளிக்குழாய், இரண்டின் பிளாஸ்டிக் உறை, நான்கிலும் ஒரே அளவு வெட்ட வேண்டும். ராவி, பிசிறு எடுத்து, உள்ளே கிரீஸ் தடவி மாட்டுங்கள். இப்போது முனைகள் மிகத் தள்ளிப் போகும் நிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். அங்கேயும் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வெட்டியது அதிகம், வேறு ஷாஃப்ட்தான் வழி. எனவே ஒரேயடியாக வெட்டாமல் இரண்டு முறை அளந்துகொள்ளுங்கள்.

ஷாஃப்டைத் திரும்பச் சேர்க்கும்போது குழாயோடு சேர்ந்த இரண்டு யோக்கும் (க்ராஸைப் பிடிக்கும் கவை) ஒரே தளத்தில் நிற்க வேண்டும். சதுரக் குழாயாக இருந்தால் கால் சுற்று தள்ளிச் சொருகிவிட வாய்ப்பு அதிகம். அப்படிச் சொருகினால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கி வண்டியே அதிரும்.

தூக்கும்போது கடகடவென்பது கோணம் கூடியதால். வரப்பு முனையில் கத்தி மண்ணை விட்டு ஒரு சாண் எழும்பினால் போதும். அதற்கு மேல் தூக்க வேண்டுமென்றால் முதலில் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள். உழும்போது ரோட்டவேட்டரின் உள்முனை டிராக்டரின் பி.டி.ஓ.வுக்கு இணையாக இருக்கும்படி டாப் லிங்கைச் சரிசெய்தால் இரண்டு க்ராஸும் ஒரே கோணத்தில் வேலை செய்யும், சத்தமும் குறையும்.

சுற்று வேகம் அடுத்தது. ரோட்டவேட்டருக்கு நிமிடத்துக்கு 540 சுற்று வேண்டும். அதற்கு எஞ்சின் எத்தனை சுற்றில் ஓட வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேடு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். எஸ்.பி. ரோட்டில் ஒளிக்கற்றை டேக்கோமீட்டர் கிடைக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது பி.டி.ஓ. முனையில் மின்னும் டேப்பை ஒட்டி, கருவி எதுவும் மாட்டாமல் பி.டி.ஓ.வைப் போட்டு, பக்கவாட்டில் தள்ளி நின்று ஆக்ஸிலேட்டரை மெல்லக் கூட்டுங்கள். 540 வரும் இடத்தில் கை ஆக்ஸிலேட்டர் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் கோடு போடுங்கள். வேட்டி, துண்டு, முந்தானை எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது. 540 என்றால் நொடிக்கு 9 சுற்று. துணியைப் பிடித்தால் கத்துவதற்கு முன் ஆளைச் சுருட்டிவிடும்.

உங்கள் மாடலில் பி.டி.ஓ. லீவருக்கு இரண்டு பக்கம் இருந்தால், ஒன்று எஞ்சின் வேகம், மற்றது சக்கர வேகம். சக்கர வேகத்தில் போட்டு ரோட்டவேட்டர் ஓட்டினால் வண்டி நின்றால் ரோட்டவேட்டரும் நிற்கும், ரிவர்ஸ் எடுத்தால் கத்தி எதிர்ப்பக்கம் சுற்றும். இது தெரியாமல் கியர் பெட்டி உடைந்துவிட்டது என்று கழற்றியவர்கள் உண்டு.

இணைப்பு பின்களையும் அளந்து பாருங்கள். உங்கள் வண்டி அளவுக்குப் பெரும்பாலும் முதல் வகை (கேட்டகரி 1) ஹிட்ச் இருக்கும். கீழ் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. இரண்டாம் வகையில் 28, 25. பெரிய துளையில் சின்ன பின்னைப் போட்டுக் கம்பி சுற்றி ஓட்டுவது வேண்டாம், அதற்கான புஷ் கடைகளில் இருக்கிறது. பி.டி.ஓ. முனை 35 மி.மீ., 6 பல் என்பது இப்போதைய வழக்கம். டி.இ.20 போன்ற மிகப் பழைய பெர்குசனில் இது 1 1/8 அங்குலம்தான் இருக்கும். அதற்கு ஸ்லீவ் போட வேண்டும், ஸ்லீவ் சேர்ந்த பிறகே ஷாஃப்டை அளக்க வேண்டும்.

5 அடி உங்கள் வண்டிக்கு எல்லைக் கோடு. எஞ்சின் தேய்ந்திருந்தால் 4 அடியே எங்கள் யோசனை. வாங்கியாயிற்று, இனி முதல் லோ கியரில், பக்கச் சறுக்குத் தகட்டைத் தாழ்த்தி ஆழத்தைக் குறைத்து, இரண்டு தடவையாக ஓட்டுங்கள். 8 மணி நேரத்துக்கு ஒருமுறை க்ராஸுக்குக் கிரீஸ், முதல் நாள் முடிவில் கத்தி போல்ட்டெல்லாம் மறு இறுக்கு. புது ரோட்டவேட்டரின் கியர் பெட்டியில் ஆயில் இருக்கிறதென்று நம்பிவிடாமல் லெவல் பிளக்கைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: புல் வெட்டும் ஸ்லாஷர் ஓடும்போது கிளட்ச்சை முழுக்க மிதித்தும் வண்டி நிற்காமல் முன்னால் தள்ளுகிறது. பிரேக் போனதா, கிளட்ச் போனதா?
– வாசகர், கோலார் தங்கவயல்

இரண்டும் போகவில்லை. உங்களுடையது ஒற்றைக் கிளட்ச் வண்டி. அதில் பி.டி.ஓ.வும் சக்கரமும் கிளட்ச்சுக்குப் பின்னால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். கிளட்ச்சை மிதித்தால் எஞ்சின் விலகும், ஆனால் ஸ்லாஷரின் கனமான தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அது ஷாஃப்ட் வழியாகக் கியர் பெட்டியைத் திருப்பி, கியர் பெட்டி சக்கரத்தைத் திருப்பி, வண்டி தானே நகரும். சுவரோ கிணறோ பக்கத்தில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே செய்ய வேண்டியது, ஒருவழிக் கப்ளிங் வாங்குவது. ஓவர்ரன்னிங் கப்ளிங் என்று கேளுங்கள், 6 பல், 1 3/8 அங்குலம். டிராக்டர் பி.டி.ஓ. முனையில் அதை மாட்டி அதன்மேல் ஷாஃப்ட். டிராக்டர் ஸ்லாஷரைச் சுற்றும், ஸ்லாஷர் டிராக்டரைச் சுற்ற முடியாது. மாட்டியபின் எஞ்சினை அணைத்துக் கையால் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் லேசாக ஓட வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். கப்ளிங் நீளத்தைக் கூட்டிவிடுவதால் மேலே சொன்னபடி ஷாஃப்டைத் திரும்ப அளங்கள். கப்ளிங் வரும்வரை, நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே கிளட்ச்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிறகு பிரேக். திறந்த வெளியில் தவிர வேறெங்கும் ஓட்ட வேண்டாம்.

இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். டிரைவர் மாறும்போது இதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: சட்டிக் கலப்பை செம்மண்ணில் இறங்காமல் மேலேயே உருள்கிறது.
– வாசகர், அத்திப்பள்ளி

சட்டிக் கலப்பை தன் எடையால் இறங்குவது. லீவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி இறங்கும்? முதலில் லீவரை முழுக்க இறக்கிப் பாருங்கள். பிறகு சாய்வு: சட்டி செங்குத்திலிருந்து 15 முதல் 25 டிகிரி வரை சாயும். கெட்டி மண்ணுக்கு 15 பக்கம் கொண்டுவாருங்கள். பயணத் திசையோடு சட்டி செய்யும் கோணத்தை 45 பக்கம் கூட்டுங்கள். இரண்டுக்கும் பிராக்கெட்டில் துளைகள் இருக்கும். விளிம்பு மழுங்கியிருந்தால் தீட்டாமல் எதுவும் பயன் தராது. அதன் பிறகும் போதவில்லை என்றால் சட்டத்தின்மேல் எடை. பின்னால் உள்ள சால் சக்கரம் தளர்ந்திருந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், அதன் ஸ்பிரிங்கையும் இறுக்குங்கள். மழை பெய்து இரண்டு நாள் கழித்து ஓட்டுங்கள். காய்ந்த செம்மண்ணோடு போராடினால் டயர்தான் தேயும்.

கேள்வி: டிரைவர் ஆங்கிலம் படிக்கமாட்டார். புதுக் கருவி வாங்கினால் யார் சொல்லிக்கொடுப்பார்கள்?
– வாசகி, கே.ஆர். புரம்

ஹைதராபாத் நெடுஞ்சாலையில் அனந்தப்பூர் தாண்டி கார்லதின்னேயில் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. மத்திய அரசுடையது. விவசாயிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் அங்கே பயிற்சி உண்டு. வருஷாவருஷம் ஜி.கே.வி.கே.யில் நடக்கும் கிருஷி மேளாவிலும் கருவிக் கம்பெனிகள் ஆளோடு நிற்பார்கள். அங்கே கேட்கும்போது கருவியின் மாடல் எண்ணோடு போங்கள். வீட்டில் செய்யக்கூடியது, கையேட்டில் கிரீஸ் இடங்கள் உள்ள படத்தையும் லீவர் படத்தையும் பெரிதாக நகலெடுத்து, அம்புக்குறி போட்டுத் தமிழிலோ கன்னடத்திலோ எழுதி, லேமினேட் செய்து ஷெட் சுவரில் மாட்டுவது. முழுப் புத்தகம் தேவையில்லை, அந்த இரண்டு பக்கம்தான் தினமும் வேண்டியது.

கேள்வி: டிப்பர் டிரெய்லர் பாதி தூக்கியதும் நின்றுவிடுகிறது. சுமை இல்லாவிட்டாலும் அப்படித்தான்.
– வாசகர், தேவனஹள்ளி

சுமை இல்லாமலும் நிற்கிறது என்றால் அழுத்தக் குறைவு அல்ல, ஆயில் குறைவு. டிப்பர் சிலிண்டர் நிரம்ப வேண்டிய ஆயில் டிராக்டரின் பெட்டியிலிருந்துதான் போகிறது. அவ்வளவும் வெளியே போனபின் பம்ப் காற்றை உறிஞ்சும், சீறும் சத்தம் கேட்கும். டிரெய்லரை இறக்கி வைத்து டிப்ஸ்டிக் பாருங்கள், குறைந்திருந்தால் மட்டும் மேல் கோடு வரை ஊற்றுங்கள். முன்பு என்ன ஆயில் இருந்ததோ அதே வகை. கண்டதைக் கலந்தால், அதே ஆயிலில் பிரேக் மூழ்கியிருக்கும் வண்டியில் பிரேக் பிடிப்பு கெடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, முழுவதும் மாற்ற வேண்டும். மேல் கோடு வரை இருந்தும் நிற்கிறது என்றால் உறிஞ்சு பக்க பில்டரைக் கழற்றிக் கழுவுங்கள்.

தொட்டியைத் தூக்கி வைத்து அடியில் வேலை பார்ப்பதானால் ஹைட்ராலிக்கை நம்பாதீர்கள். சேஸிஸுக்கும் தொட்டிக்கும் நடுவில் இரும்பு முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே தலையை நீட்டுங்கள்.